எலுமிச்சைக்கு மாறாத சிவப்பு

முற்றத்துக் கல்தொட்டியில் செனாய்தா கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்க்கத் தேய்க்கத் தொட்டித் தண்ணீர்தான் இளஞ்சிவப்பாகிக்கொண்டு போனது. கைகள் மணிக்கட்டுவரை அப்படியே செக்கச்செவேலென்று கிடந்தன. நண்பகல் மணி அடிக்கும்போது அவள் கோயிலில் நிற்க வேண்டும். தோழி ஒப்துலியாவின் கைக்குழந்தைக்கு இன்று ஞானஸ்நானம், இவள்தான் ஞானத்தாய். ஊரே பார்க்க, பாதிரியார் பார்க்க, குழந்தையை இந்தக் கைகளில்தான் ஏந்த வேண்டும்.

படிக்கட்டில் உட்கார்ந்து தலைவாரிக்கொண்டிருந்த நாத்தனார் ரூஃபினாவுக்கு இது போதாதா?

“என்ன அண்ணி, விருந்துக்கு வான்கோழிய அறுக்கச் சொன்னா கையாலயே கிழிச்சுட்டீங்களா?”

“வாய மூடிட்டு அந்தச் சர்க்கரைய எடு.”

“சர்க்கரையா? அப்புறம் எறும்பெல்லாம் வரிசையா வந்து ஞானஸ்நானம் வாங்கிட்டுப் போகும்.”

செனாய்தா சிரித்தாள். அப்போது சிரிக்க முடிந்தது. காலையில் நடந்ததை நினைத்தால் அவளுக்குத் தன்மேல் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. கணவன் நிகாந்த்ரோ விடிந்ததும் கொல்லைப்புறச் சாயக்கொட்டகையில் அடுப்பு மூட்டிவிட்டு, பூ வேய்ந்த பெரிய மெழுகுவர்த்திகளை வாங்கப் பக்கத்து ஊருக்குப் போயிருந்தான். விறகு பற்றிக்கொண்டு, அண்டா பொங்கி, சிவப்பு நுரை நெருப்பில் வழிந்து சீறுவதை இவள்தான் கேட்டாள். ஓடிப்போய் விறகை இழுத்தாள். கம்பால் நூல் சிட்டங்களைத் தூக்கும்போது கம்பு வழுக்கி, எல்லாம் மொத்தமாய்க் குளிர்ந்த தண்ணீர்த் தொட்டியில் விழுந்தன. ஒவ்வொன்றாய் எடுத்துப் பிழிந்து கொடியில் போட்டாள். தறிக்குப் போகவேண்டிய கம்பளி நூல் அத்தனையும் தப்பித்தது. கைதான் மாட்டிக்கொண்டது.

அந்தக் கொட்டகைக்குள் அவள் காலெடுத்து வைத்தே ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. “சாயத்து ஆவி உன் நெஞ்சுக்கு ஆகாது, அது என் வேலை” என்று நிகாந்த்ரோ சொல்லியிருந்தான். என் புருஷனுக்கு என்மேல் எவ்வளவு அக்கறை என்று அவள் சந்தையில்கூடச் சொல்லிக்கொண்டாள். கதவோரம் ஆணியில் அவனுடைய ரப்பர் கையுறை தொங்கியது. அவசரத்தில் அது அவள் கண்ணில் பட்டும் மனத்தில் படவில்லை. இந்தப் பள்ளத்தாக்கில் சாயத்துக்கு யார் கையுறை போடுகிறார்கள்? நகக்கண்ணில் நீலமோ பழுப்போ இல்லாத ஆம்பளையை இந்த ஊரில் விரல்விட்டு எண்ணலாம். நிகாந்த்ரோ மட்டும் இந்த ஒன்றரை வருடமாய்க் கை சுத்தக்காரன் ஆகிவிட்டான். ரூஃபினா அவனுக்குப் பல் டாக்டர் என்று பட்டப்பெயரே வைத்திருந்தாள்.

சர்க்கரையை எண்ணெயில் குழைத்துத் தேய்த்தாள். தோல் மிருதுவானது, சிவப்பு அசையவில்லை. பாத்திர சோப்பு, பிறகு சோடா உப்பு. பிறகு பற்பசையை இரண்டு கையிலும் பூசிக்கொண்டு, பேய் பிடித்தவள்போல விரல்களை விரித்து நின்றாள்.

அடுக்களையிலிருந்து மாமியார் எர்லிந்தாவின் குரல் வந்தது. “பல்லு தேய்க்கக் கொஞ்சம் மிச்சம் வைங்கடி! சொந்தக்காரங்க முன்னாடி வாய நாறடிக்காதீங்க!”

முதலுதவிப் பெட்டியிலிருந்த ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்துத் துடைத்தபோது மட்டும் பஞ்சு கொஞ்சம் சிவந்தது. கை கொஞ்சம் வெளுத்தது மாதிரி இருந்தது. மாதிரிதான்.

“பிளீச் ஊத்தலாமா அண்ணி?”

“ஊத்து. அப்புறம் தோலில்லாத கையால பிள்ளையத் தூக்கறேன்.” செனாய்தா கையை உதறினாள். “இதுக்கெல்லாம் எதுக்கு இத்தனை பாடு? எலுமிச்சை பிழிஞ்சா முடிஞ்சது. கொஞ்ச நேரம் ஆரஞ்சுப் பழம் மாதிரி நிப்பேன். எல்லாரும் சிரிச்சு முடிக்கறதுக்குள்ள கழுவிடலாம்.”

ரூஃபினாவின் சீப்பு பாதித் தலையில் நின்றது.

“எலுமிச்சை வேணாம் அண்ணி.”

“ஏன்?”

“எரியும். இவ்ளோ தேய்ச்சிருக்கீங்க, தோலெல்லாம் பிஞ்சிருக்கு.”

“எரிஞ்சா எரியட்டும்.”

“சொன்னாக் கேளுங்களேன்...”

வேலியோர மரத்திலிருந்து பழம் பறித்து, தொட்டி விளிம்பிலேயே அறுத்தாள் செனாய்தா. இதை அவள் கண்ணை மூடிக்கொண்டு செய்வாள், ஏனென்றால் இதுதான் அவள் வேலை. ஒஹாகா நகரத்திலிருந்து வெளியூர்க்காரர்களை ஏற்றிக்கொண்டு வேன்கள் வரும். முன்கூடத்தில் கம்பளங்களுக்கு நடுவே அவள் நிற்பாள். சப்பாத்திக் கள்ளி மடலில் வெள்ளைத் தூளாய் ஒட்டி வளரும் பூச்சியைக் காயவைத்து ஒரு கிண்ணத்தில் வைத்திருப்பார்கள். அதில் ஒரு சிட்டிகையை உள்ளங்கையில் போட்டுக் கட்டைவிரலால் நசுக்குவாள். கை சிவக்கும். எலுமிச்சையைப் பிழிவாள். சிவப்பு ஆரஞ்சாகிவிடும். சோளம் ஊறவைக்கும் சுண்ணாம்பை ஒரு துளி தொடுவாள். அது ஊதாவாகிவிடும். வந்தவர்கள் வாயைப் பிளப்பார்கள். அப்போது அவள் சொல்வாள்: “பாத்தீங்களா, இது உயிரோட இருக்கற நிறம். கூப்பிட்டா பதில் சொல்லும். பொய் நிறம் வாயத் திறக்காது.”

அந்த வாசகம் அவளுடையது. யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. ஒருநாள் தானாக வாயில் வந்தது, அப்படியே தங்கிவிட்டது.

இப்போது இரண்டு கைகளிலும் எலுமிச்சைச் சாறு வழிந்தது. எரிந்தது. அவள் காத்திருந்தாள்.

சிவப்பு அப்படியே இருந்தது.

பழம் சரியில்லை போலிருக்கிறது என்று நாக்கால் தொட்டுப் பார்த்தாள். பல் கூசும் புளிப்பு. இன்னொன்று அறுத்துப் பிழிந்தாள். வெயிலில் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விரலிடுக்கு, ரேகை, நகக்கண் எங்கேயும் ஓர் இழைகூட நிறம் மாறவில்லை. எங்கோ ஒரு வீட்டில் பட்டாசு வெடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் அவளுக்கு வேறு ஊரில் கேட்பதுபோல் கேட்டது.

அவள் மிச்சமிருந்த பாதிப் பழத்தோடு, ஈரக்கையாய் முன்கூடத்துக்கு ஓடினாள். கிண்ணத்திலிருந்து ஒரு சிட்டிகைப் பூச்சியை எடுத்து, கறை படாத இடமாய்ப் பார்த்து, முழங்கைக்குக் கீழே வைத்து நசுக்கினாள். சிவந்தது. அதன்மேல் எலுமிச்சையைப் பிழிந்தாள். திரியில் நெருப்பு ஏறுவதுபோல அது கண்ணெதிரே ஆரஞ்சாய்ப் பற்றிக்கொண்டது.

ஒரே கையில், ஒரு சாண் தூரத்தில், இரண்டு சிவப்புகள். ஒன்று பதில் சொன்னது. மற்றது வாயைத் திறக்கவில்லை.

அவள் எலுமிச்சைத் தோலைக் கிண்ணத்தருகே வைத்தாள். திரும்பியபோது எர்லிந்தா சோளமாவு ஒட்டிய கைகளோடு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். பின்னால் ரூஃபினா.

“அத்தே, கொட்டகையில இருக்கறது என்ன சாயம்?”

“சிவப்புச் சாயம்.”

“என்ன சிவப்பு?”

“நல்ல நாளும் அதுவுமா இதென்னடி கேள்வி? போய்ப் பாவாடைய மாத்து. நேரமாகுது.”

“பொட்டலத்துல வர்ற ரசாயனச் சாயமா அத்தே? சந்தையில தாள்ல மடிச்சு விப்பாங்களே, அதா?”

எர்லிந்தா மகளைப் பார்த்தாள். ரூஃபினா கையிலிருந்த சீப்பைப் பார்த்தாள். அந்த ஒரு பார்வையிலேயே செனாய்தாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இருந்தாலும் கேட்டாள்.

“எல்லாருக்கும் தெரியுமா?”

“உங்களத் தவிர, அண்ணி” என்றாள் ரூஃபினா. முதல்முறையாக அவள் குரலில் கிண்டல் இல்லை.

“ஏன்? எங்கிட்ட மட்டும் ஏன் சொல்லல?”

எர்லிந்தா மாவுக்கையை முன்றானையில் துடைத்துக்கொண்டாள். கோபமாய்ச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. சமையலில் உப்பு ஏன் பிறகு போடுகிறோம் என்று விளக்குவதுபோல நிதானமாய்ச் சொன்னாள்.

“உன் மூஞ்சியில பொய் நிக்காதேம்மா. ரூஃபினா நின்னு சொன்னா வந்தவன் சிரிச்சிட்டுப் போயிடுவான். நீ சொன்னா நம்பறான். நீ நம்பிச் சொல்றதாலதான் அவன் நம்பறான். தெரிஞ்சிருந்தா உன்னால சொல்லியிருக்க முடியுமா?”

செனாய்தா அங்கேயே, விற்பனைக்கு விரித்திருந்த கம்பளத்தின்மேல் உட்கார்ந்தாள். மாமியார் திட்டவில்லை. அதுவே விபரீதமாய் இருந்தது.

எத்தனை பேர் அவள் உள்ளங்கையைப் பார்த்திருப்பார்கள்! ஒரு கிழவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். ஒரு பெண் அழுதேவிட்டாள். அவர்களெல்லாம் அவள் கையைப் பார்த்துவிட்டு எதை வாங்கிச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்கள்? இந்த வீட்டில் அவளை மருமகளாக வைத்திருந்தார்களா, கடைவாசலில் ஒரு கையாக மட்டும் வைத்திருந்தார்களா?

அதைவிடப் பெரிய இடி அதற்குப் பின்னால் வந்தது. ஒப்துலியா.

ஒப்துலியா வீட்டில்தான் பூச்சி வளர்த்தார்கள். கள்ளி மடல்களை வரிசையாய்த் தொங்கவிட்டு, மழை படாமல், கோழி கொத்தாமல், பிள்ளையைப்போல் பார்த்துக்கொள்வார்கள். நிகாந்த்ரோ வீட்டுச் சிவப்பு முழுக்க அங்கிருந்துதான் வந்தது. ஒன்றரை வருடத்துக்கு முன் அவன் சொன்னான்: “வேற பள்ளத்தாக்குல பெரிய பூச்சி கிடைக்குது. இனிமே அங்கதான் வாங்கப்போறேன். நீ போய் ஒப்துலியாகிட்டச் சொல்லிடு. நீ சொன்னா வருத்தப்பட மாட்டா.” செனாய்தா போய்ச் சொன்னாள். ஒப்துலியா வருத்தப்படவில்லை. “பெருசா? எங்க பூச்சிய விடவா? இருக்கட்டும், அதுக்குக் கொம்பு மொளைச்சா எனக்கு ஒண்ணு கொண்டுவா” என்று சிரித்தாள். அந்த வருட மழைக்குப் பிறகு, பூச்சியை வாங்க ஆளில்லாமல் பாதிக் கள்ளியைப் பிடுங்கிப் போட்டார்கள். அவள் புருஷன் லியோன்சியோ நகரத்துக்குக் கட்டட வேலைக்குப் போனான்.

அப்படியும் குழந்தை பிறந்ததும் ஒப்துலியா ரொட்டியும் சாக்லேட்டும் கூடையில் எடுத்துக்கொண்டு வந்து, முறைப்படி கேட்டாள். “இந்த ஊர்லயே எதையும் மறைக்கத் தெரியாதவ நீ ஒருத்திதான். என் பிள்ளைய அந்தக் கைதான் தூக்கணும்.”

அந்தக் கையை செனாய்தா மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள்.

நிகாந்த்ரோ மெழுகுவர்த்திகளோடு உள்ளே வந்தபோது முதலில் கண்டது அந்தக் கைகளைத்தான். ஆனால் அவன் கேட்ட முதல் கேள்வி அவற்றைப் பற்றியது இல்லை.

“கொட்டகைக்கு ஏன் போன?”

“உன் நூல் கருகிப்போயிருக்கும்.”

“கருகட்டும்னு விட்டிருக்கலாம்ல?”

“விட்டிருந்தா நான் சாகறவரைக்கும் தெரியாமலே இருந்திருக்கும். அதானே?”

அவன் மெழுகுவர்த்திகளை மெதுவாய்ச் சுவரில் சாய்த்தான். அவற்றில் ஒட்டியிருந்த மெழுகுப் பூக்கள் நடுங்கின. அருகில் வந்து குந்தி உட்கார்ந்தான். அவன் குரல் எப்போதும்போல இதமாகவே இருந்தது.

“இங்க பாரு செனா. யாரு நூலப் பாக்கறா? உன் கையத்தான் பாக்கறாங்க. கிண்ணத்துல இருக்கற பூச்சி நிஜம். உன் கை நிஜம். நீ சொல்றது நிஜம். இதுல நீ எங்க பொய் சொன்ன?”

“ஒப்துலியாகிட்டச் சொன்னேனே. பெரிய பூச்சின்னு. அது?”

அவன் மெழுகுவர்த்தியிலிருந்து உதிர்ந்த ஒரு பூவைப் பொறுக்கினான்.

“அவங்க கள்ளியப் பிடுங்கினப்போ நீயும்தான கூட நின்ன? மடல் சுமந்து போட்டியே!”

“இன்னிக்கு ஒரு நாள் பொறுத்துக்க. பிள்ளையோட நாளு. நாளைக்கு நானே லியோன்சியோகிட்ட உக்காந்து பேசறேன். சத்தியமா.”

எர்லிந்தா உள்ளேயிருந்து ஒரு ஜோடி வெள்ளை லேஸ் கையுறைகளைக் கொண்டுவந்தாள். செனாய்தாவின் கல்யாணக் கையுறைகள். மாமியாரே ஒவ்வொரு விரலாய்ப் பிடித்து மாட்டிவிட்டாள். “இப்ப பாரு, மகாராணி மாதிரி இருக்க” என்றாள்.

செனாய்தா விரல்களை விரித்து, மடக்கிப் பார்த்தாள்.

கோயிலில் குழந்தை எலியாஸ் அவள் கைகளில் தூங்கிக்கொண்டிருந்தான். நீளமான வெள்ளை அங்கி அவன் கால்களைத் தாண்டி அவள் முழங்கால்வரை தொங்கியது. பக்கத்தில் மெழுகுவர்த்தி பிடித்தபடி ஞானத்தகப்பன் நிகாந்த்ரோ. பாதிரியார், தீமையையும் அதன் பகட்டையும் விட்டுவிடுகிறீர்களா என்று கேட்டார். நிகாந்த்ரோ விட்டுவிடுகிறேன் என்றான். அவன் குரல் தூண்களில் பட்டுத் தெளிவாய்த் திரும்பி வந்தது. செனாய்தாவின் உதடுகள் மட்டும் அசைந்தன.

தண்ணீர் விழுந்ததும் குழந்தை விழித்து, வீறிட்டு, இரண்டு கால்களாலும் உதைத்தது. பாதிரியாரின் கை தடுமாறியது. அவர் சங்கில் மொண்டு ஊற்றிய தண்ணீரில் பாதி குழந்தையின் தலையிலும் மீதி செனாய்தாவின் கைகளிலும் கொட்டியது. வழுக்கிவிடாமல் அவள் குழந்தையை முதுகில் கைவைத்து இறுக்கிப் பிடித்தாள். நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குனிந்தபோதுதான் பார்த்தாள்.

கையுறையின் வெள்ளை லேஸுக்குள்ளிருந்து சிவப்பு மேலேறி வந்துகொண்டிருந்தது. முதலில் விரல்நுனிகளில், பிறகு பூ வேலைப்பாட்டின் ஒவ்வொரு துளையிலும். உள்ளே யாரோ அவளைக் குத்திவிட்டது போலவும், வலி இன்னும் வந்து சேராதது போலவும் இருந்தது. காலையிலிருந்து எத்தனை தேய்த்தும் இறங்க மறுத்த சாயம், இறங்கக்கூடாத இடத்தில் இறங்கியது.

“ஆமென்” என்றார் பாதிரியார்.

அந்த ஒரு சொல்லோடு ஒப்துலியா அவளுக்கு வெறும் தோழியில்லை, கோமாத்ரே. ஒரே பிள்ளைக்கு இரண்டு தாய்மார்கள். கூடப் பிறந்தவளிடம்கூட மறைப்பதை மறைக்கலாம். கோமாத்ரேயிடம் மறைத்தால் அது பிள்ளையின் தலையில் இறங்கும் என்று ஊரில் சொல்வார்கள். செனாய்தா குழந்தையின் ஈரத் தலையைப் பார்த்தாள். தோளில் கிடந்த சால்வையை இழுத்து, கைகளையும் அங்கியையும் சேர்த்து மூடிக்கொண்டாள்.

ஒப்துலியா வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். வான்கோழிக் கறியின் கறுப்பு மோலேக் குழம்பு மணம் தெருமுனைவரை வந்து அழைத்தது. வாத்தியக்காரர்கள் ஒரு பாட்டை முடித்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். நீளமேசையில் சூப்புக் கிண்ணங்கள், சோளத் தொர்த்தியா ரொட்டிக் கூடைகள், பாதி பாதியாய் அறுத்த எலுமிச்சம்பழங்கள். இனி ஞானப்பெற்றோர் வரிசையாய் நிற்க, வந்தவர்கள் ஒவ்வொருவராய் வந்து அவர்களுடைய இரண்டு கைகளையும் தம் இரண்டு கைகளுக்குள் பிடித்து வாழ்த்த வேண்டும். கையுறையோடு கை கொடுக்கும் வழக்கம் இல்லை.

“சால்வைய எடு கோமாத்ரே, பிள்ளைக்கு வேர்க்குது” என்று ஒப்துலியா குழந்தையை வாங்கினாள். தோளில் போட்டு முதுகில் தட்டப்போன கை அப்படியே நின்றது.

அங்கியின் முதுகில், ஐந்து விரலும் உள்ளங்கையும் அச்சாய், ஒரு சிவப்புக் கை.

பந்தலே ஒரு கணம் திடுக்கிட்டது. அடுத்த கணம் யாரோ கொல்லென்று சிரித்தார்கள்.

“ஞானத்தாய் முத்திரை குத்திட்டாடா! இனி பிள்ளை தொலைஞ்சாலும் யார் வீட்டுப் பிள்ளைன்னு தெரிஞ்சிடும்!”

“சாயக்காரி வீட்டுக்கு மகனாக் குடுத்தா வெள்ளையாவா திரும்பி வரும்?”

ஒப்துலியாவும் சிரித்தாள். “அடிப்பாவி, காலையிலயும் அண்டா பக்கம் போனியா? சரி விடு. பூச்சிக் கறைதானே. எலுமிச்சை பிழிஞ்சு வெயில்ல போட்டா இருந்த இடம் தெரியாது. அதை இப்படித் தள்ளு.”

நிகாந்த்ரோ வேகமாய் முன்னால் வந்தான். “கோமாத்ரே, அத விடுங்க. நான் புதுசாவே ஒண்ணு வாங்கித் தந்துடறேன். இதைவிட நல்லதா.”

“எதுக்கு? இதுக்கு என்ன கேடு?”

“உப்புப் போடலாம் அக்கா” என்றாள் ரூஃபினா அவசரமாய். “எலுமிச்சை துணிய அரிச்சிடும்.”

“உப்பா? ஏண்டி, நான் பூச்சி வளக்கற வீட்டுக்காரி. எனக்கே பூச்சிக் கறை எடுக்கச் சொல்லித் தர்றியா?” ஒப்துலியா குழந்தையை மேசைமேல் குப்புறக் கிடத்திப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை நீட்டினாள். “எலுமிச்சை.”

பழம் செனாய்தாவின் பக்கத்தில் இருந்தது. கையெட்டும் தூரம்.

அவள் நிகாந்த்ரோவைப் பார்த்தாள். அவன் தலையை மிக லேசாக, மற்றவர்களுக்குத் தெரியாத அளவு, ஆட்டினான். வேண்டாம். எர்லிந்தா கூடையிலிருந்த தொர்த்தியாக்களை அடுக்கிக் கலைத்து மறுபடி அடுக்கினாள். ஒரு பழத்தைத் தட்டிவிட்டால் போதும். மயக்கம் வருகிறது என்றால் போதும். நாளை, நாளை என்று அவன் சொன்னது காதில் ஓடியது. ஒன்றரை வருடமாய் இப்படித்தான் ஓடியிருக்கும்.

செனாய்தா கையுறைகளைக் கழற்றி மேசையில் வைத்தாள். ரத்தத்தில் தோய்ந்த இரண்டு குட்டிப் பறவைகள்போல அவை கிடந்தன.

“நீ பிள்ளையப் பிடி. நான் பிழியறேன்” என்றாள்.

சாறு சிவப்புக் கையின்மேல் விழுந்தது. மேசையைச் சுற்றி நின்றவர்கள் அத்தனை பேரும் சாயக்காரர்கள், நெசவுக்காரர்கள். எல்லோரும் பழக்கத்தில் குனிந்தார்கள். ஆரஞ்சு வரும் அந்த நொடியை இந்த ஊரில் எத்தனை முறை பார்த்தாலும் யாருக்கும் அலுக்காது.

வரவில்லை.

“இன்னும் கொஞ்சம் பிழி” என்றாள் ஒப்துலியா, சிரிப்பு மாறாமல்.

செனாய்தா பிழிந்தாள்.

“அந்தப் பழத்துல சாறு இல்ல போல. வேற எடு.”

வேறு எடுத்துப் பிழிந்தாள். அங்கியில் எலுமிச்சைச் சாறு குளமாய் நின்றது. அதன் அடியில் ஐந்து விரல்களும் பிசகாமல் சிவப்பாய் இருந்தன. குழந்தை தலையைத் தூக்கி எல்லோரையும் பார்த்தது. ஒப்துலியாவின் சிரிப்பு உடனே போகவில்லை. முகத்தில் இருந்தபடியே, உள்ளே ஆளில்லாத வீடுபோல ஆனது.

கூட்டத்தில் யாரோ தொண்டையைக் கனைத்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். லியோன்சியோ தொப்பியைக் கழற்றினான். சாவு வீட்டில் கழற்றுவதுபோலக் கழற்றினான்.

“பெரிய பூச்சி” என்றாள் ஒப்துலியா. மெதுவாக, அந்த இரண்டு வார்த்தைகளையும் முதல்தடவையாகக் கேட்பவள்போல. “வேற பள்ளத்தாக்கு.”

செனாய்தாவால் பார்வையைத் தாழ்த்த முடியவில்லை. தாழ்த்தவும் கூடாது என்று தோன்றியது.

“நீதான வந்து சொன்ன.”

“நான்தான் சொன்னேன்.”

“எப்பத் தெரியும் உனக்கு?”

“இன்னிக்குக் காலையில. கை கழுவறப்போ.”

ஒப்துலியா அவள் முகத்தையே பார்த்தாள். முகத்தின் ஒவ்வொரு மூலையையும் தேடினாள். பொய் நிற்காத முகம் என்று மாமியார் சொன்ன அந்த முகத்தில், செனாய்தா ஒன்றையும் அடுக்காமல், ஒன்றையும் மூடாமல் நின்றாள். இந்த முகத்தை வைத்துத்தான் இவர்கள் ஊரை ஏமாற்றினார்கள். இனி இது யாருக்கு எப்படி உதவும்? ஒப்துலியாவின் உதடு கோணியது. அழப்போகிறாள் என்று நினைத்தார்கள். அவள் அழவில்லை. எலுமிச்சைச் சாறு சொட்டச் சொட்டக் குழந்தையை மேசையிலிருந்து தூக்கினாள்.

“இந்தா” என்றாள். குரல் உடைந்திருந்தது. “பிடி. என் கை நடுங்குது, கீழ போட்டுடுவேன்.”

செனாய்தா வாங்கிக்கொண்டாள். சிவந்த கைகள் இரண்டும் வெள்ளை அங்கியில் நன்றாகப் பதிந்தன. யாரும் சிரிக்கவில்லை.

என்ன செய்வதென்று தெரியாத வாத்தியக்காரன் ஒருவன், சடங்கு அடுத்தது என்ன என்று நினைவுக்கு வந்தவனாய், வாழ்த்துப் பாட்டைத் தனியாக ஊதத் தொடங்கினான். பழக்கம் பொல்லாதது. பாட்டு கேட்டதும் நிகாந்த்ரோவின் கால்கள் தாமாக முன்னால் வந்தன. வரிசையில் நிற்கவேண்டிய இடத்தில் நின்று, வாழ்த்தை வாங்கிக்கொள்ள அவன் இரண்டு கைகளையும் நீட்டினான்.

அப்போதுதான் எல்லோரும் அந்தக் கைகளைப் பார்த்தார்கள். மேசையைச் சுற்றி எத்தனை கைகள் இருந்தன! நகக்கண்ணில் நீலம் ஏறியவை, வாதுமை ஓட்டுச் சாயத்தால் பழுப்பானவை, பூச்சிச் சிவப்பு ரேகைக்குள் புகுந்து வெளியே வராதவை. அவற்றின் நடுவே நிகாந்த்ரோவின் கைகள் மட்டும், இப்போதுதான் சோப்புப் போட்டுக் கழுவியவைபோல, ஒரு பொட்டுக் கறை இல்லாமல் பளிச்சென்று நீண்டிருந்தன.

வாத்தியக்காரன் பாட்டின் முதல் அடியை முடித்தான். இரண்டாவது அடியை முடித்தான்.

அந்தக் கைகளைப் பிடிக்க யாரும் முன்னால் வரவில்லை.